மூன்றாவது சம்பவம்

பாறசாலை
14-10-1996

மதிப்பிற்குரிய சங்கரி அவர்களுக்கு,

உங்கள் ஞாபக ஆய்வில் பதினேழாம் எண்ணுள்ள சொக்கநாதன் பிள்ளை எழுதுவது. கடந்த சனிக்கிழமை எங்கள் ஊர் வாசகசாலையில் நடந்த மூன்றாவது அமர்வுக்கு நான் வரவில்லை. முன்கூட்டித் தெரிவிக்கவும் இல்லை. சப் ரிஜிஸ்திரார் அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் எழுத்தராக இருந்தவன் நான். காரணம் எழுதிக் கொடுக்காமல் ஒரு நாள்கூட விடுப்பு எடுத்ததில்லை. ஆகவே இப்போதாவது எழுதிவிடுகிறேன். நீண்டுபோனால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அன்று நான் பூவாருக்குப் போயிருந்தேன். அங்கே என் அண்ணன் தாணுலிங்கம் இருக்கிறார். வயது எழுபத்துநான்கு, என்னைவிட ஆறு மூப்பு. நாங்கள் பேசி இருபத்தொரு வருடம் ஆகிவிட்டது. 1975-இல் எங்கள் அம்மா இறந்தபோது நான் கொல்லத்தில் வேலை பார்த்தேன். தந்தி கிடைத்ததும் புறப்பட்டேன். நான் வந்து சேர்ந்தபோது சிதை எரிந்துகொண்டிருந்தது. அண்ணன் எனக்காகக் காத்திருக்கவில்லை. அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. எனக்குச் சண்டை போடத் தெரியாது. யாரிடமும் ஒன்றும் கேட்காமல் மறுநாளே திரும்பிவிட்டேன். அதற்குப் பிறகு போகவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் என் இளம்பருவத்து நிகழ்ச்சிகள் நான்கைத் தட்டச்சு செய்து கொடுத்தீர்கள். காட்டாக்கடையில் இருக்கும் என் அக்கா சொர்ணம்மாள் சொன்னவை என்றீர்கள். நாய் கடித்தது, சிலேட்டை உடைத்தது, யானையைக் கண்டு ஓடியது, இவை மூன்றும் எனக்கு நன்றாக நினைவிருந்தன. தாளில் மூன்றாவதாக இருந்ததுதான் நினைவில் இல்லை. ஐந்து வயதில் பனச்சமூடு சந்தையில் காணாமல் போனேன், வெகுநேரம் அழுதேன், அண்ணன் சந்தை முழுவதும் தேடிக் கண்டுபிடித்துத் தோளில் தூக்கி வந்தார் என்று அதில் எழுதியிருந்தது. முதல் அமர்வில் "நினைவில்லை" என்று எழுதினேன். ஆனால் நாலைந்து நாளில் நனைந்த சாக்கின் வாடை வந்தது. அப்புறம் அண்ணனின் தோள் எலும்பு என் வயிற்றில் குத்தியது வந்தது. இரண்டாவது அமர்வில் நான் சொல்லச் சொல்ல நீங்கள் ஒரு மணி நேரம் எழுதினீர்கள் அல்லவா.

எனக்காகக் காத்திருக்காத மனிதர் என்றே அவரை இத்தனை வருடம் வைத்திருந்தேன். அவரே ஒரு காலத்தில் எனக்காகச் சந்தை முழுவதும் தேடியிருக்கிறார். இது தெரிந்த பிறகு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அதனால் போனேன். பேசினோம்.

உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஒரு சந்தேகமும் கேட்க வேண்டும். அறுபத்துமூன்று வருடம் இந்த நினைவு எங்கே போயிருந்தது? உங்கள் சாஸ்திரத்தில் இதற்கு ஏதேனும் விளக்கம் உண்டா?

இப்படிக்கு,
சொக்கநாதன் பிள்ளை


திருவனந்தபுரம்
18-10-1996

மதிப்பிற்குரிய சார்,

கடிதம் கிடைத்தது. பலமுறை படித்தேன்.

மூன்றாவது அமர்வு முக்கியமானது. அதில்தான் ஆய்வைப் பற்றிய முழு விவரத்தையும் சொல்வோம். உங்களிடம் அதை நேரில் சொல்லவே விரும்புகிறேன். 26-ஆம் தேதி சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வாசகசாலையில் இருப்பேன். கட்டாயம் வாருங்கள். உங்கள் கேள்விக்கும் அப்போது பதில் சொல்கிறேன்.

அதற்கிடையில், உங்களுக்குச் சிரமம் இல்லையென்றால், சில விவரங்களை எழுத முடியுமா? சந்தை விஷயத்தைப் பற்றி முதலில் பேசியது நீங்களா, உங்கள் அண்ணனா? அவருக்கு அது நினைவிருந்ததா? நீங்கள் சொல்லாத எதையாவது அவர் தானாகச் சொன்னாரா? முடிந்தவரை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதினால் நல்லது.

அன்புடன்,
சங்கரி


பாறசாலை
24-10-1996

அன்புள்ள சங்கரி அவர்களுக்கு,

26-ஆம் தேதி வர முடியாத நிலை. அன்று அண்ணன் மறுபடியும் பூவாருக்கு வரச் சொல்லியிருக்கிறார். நீங்கள் சொல்ல வேண்டியதைக் கடிதத்திலேயே எழுதிவிடலாம். நான் எதையும் ஒருமுறைக்கு மூன்றுமுறை வாசிக்கிறவன்.

கேட்ட விவரங்கள் கீழே. இவ்வளவு அக்கறையுடன் நீங்கள் கேட்பது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கிறது.

நான் போனபோது அண்ணன் முற்றத்தில் தொரட்டியால் முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருந்தார். முதுகு என் பக்கம். காலடி கேட்டு, "ஆராக்கும்?" என்றார்.

"நான்தான்."

"நான்னா?"

"சொக்கநாதன்."

தொரட்டியைச் சுவரில் சாய்த்தார். திரும்புவதற்குச் சற்று நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு, "வந்தியா. கேறி வா. செருப்ப அங்கன கழத்து, குமாரி இப்பத்தான் தொடச்சா" என்றார். குமாரி அவருடைய மகள். நான் கடைசியாகப் பார்க்கும்போது பாவாடை கட்டிய பிள்ளை. இப்போது அவளுக்கே முன்னால் இரண்டு நரை.

கட்டஞ்சாயா வந்தது. மழையைப் பற்றிச் சொன்னேன், பேருந்தைப் பற்றிச் சொன்னேன். பிறகு நான்தான் கேட்டேன்: "அண்ணே, எனக்கு அஞ்சு வயசுல பனச்சமூட்டு சந்தையில காணாம போனேன். நீ தேடி எடுத்துட்டு வந்த. ஓர்ம உண்டா?"

அவர் என் முகத்தையே பார்த்தார். சாயாவை ஆற்றினார். குடித்தார்.

"உண்டு" என்றார். "ஓர்ம இல்லாம? நீ கரஞ்ச கரச்சலுக்கு சந்தயே திரும்பிப் பாத்துல்லா. எந் தோள் பூரா மூக்கச் சிந்தி வச்ச. வீட்டுக்கு வந்து அந்தத் துண்ட அம்ம ரெண்டு மட்டம் தொவச்சா."

குமாரி சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். துண்டைத் துவைத்த விவரம் நான் சொல்லாதது. அவர் தானாகச் சொன்னது.

இன்னொரு செய்தி. அம்மாவின் திதி டிசம்பர் நான்காம் தேதி வருகிறது. இதுவரை அவர் பூவாரிலும் நான் இங்கேயும் தனித்தனியாகக் கொடுத்து வந்தோம். இந்த வருடம் இரண்டு பேரும் சேர்ந்து, ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தில் கொடுக்கலாம் என்று அண்ணன் சொல்லிவிட்டார். "நீ வரும் வர நான் தொடங்கமாட்டேன்" என்றார். அம்மா இறந்த நாளைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனால் இந்த ஒரு வாக்கியத்தை நான் பாறசாலை வரும்வரை பேருந்தில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

சொக்கநாதன் பிள்ளை


திருவனந்தபுரம்
4-11-1996

மதிப்பிற்குரிய சார்,

இதை நேரில் சொல்லியிருக்க வேண்டும். இனியும் தாமதிக்கக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

மூன்றாவது சம்பவம் நடக்கவில்லை. நீங்கள் பனச்சமூடு சந்தையில் காணாமல் போகவில்லை. அதை நாங்கள் உண்டாக்கினோம்.

ஆய்வு இதுதான். நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பகுதிகளில் அறுபது வயதைக் கடந்த இருபத்துநான்கு பேரிடம் நான்கு சம்பவங்களைக் கொடுத்தோம். மூன்று உண்மையானவை, ஒன்று கற்பனை. கற்பனைச் சம்பவம் நடக்கவே இல்லை என்று குடும்பத்தில் மூத்த ஒருவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டோம். உங்களுக்காகக் கையெழுத்திட்டவர் உங்கள் அக்கா. நடக்காத ஒன்றை எத்தனை பேர் நினைவுகூர்வார்கள் என்பதுதான் கேள்வி. முன்பே சொல்லிவிட்டால் ஆய்வு நடக்காது. ஆகவே முடிவில் சொல்வோம். அதற்குத்தான் மூன்றாவது அமர்வு.

ஏழு பேருக்கு நினைவு வந்தது. இது மூப்பினால் வரும் குறை அல்ல. கல்லூரி மாணவர்களுக்கும் இப்படி வந்திருக்கிறது. நினைவு என்பது எழுதி வைத்ததை எடுத்துப் படிப்பது போன்றதல்ல, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுவது. உங்கள் கேள்விக்கு என்னால் சொல்ல முடிந்த பதில் இதுவே. அது எங்கேயும் போயிருக்கவில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். உங்கள் முதல் கடிதத்தைப் படித்த அன்றே இதை எழுதியிருக்க வேண்டும். எழுதாமல், உங்கள் அண்ணன் என்ன சொன்னார் என்று கேட்டேன். நடக்காத ஒன்று இன்னொருவருக்கும் நினைவு வருமா என்று தெரிந்துகொள்ளும் ஆசை. உண்மையைச் சொல்லிவிட்டால் அந்தப் பதில் எனக்குக் கிடைக்காது. நீங்கள் பேருந்தில் அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டு வந்ததைப் படித்தபோதுதான் நான் என்ன செய்தேன் என்று எனக்கு உறைத்தது.

மன்னிப்புக் கேட்கிறேன்.

சங்கரி


பாறசாலை
11-11-1996

அன்புள்ள சங்கரி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. வழக்கப்படி மூன்றுமுறை வாசித்தேன். பிறகு நான் கையெழுத்திட்ட சம்மதப் படிவத்தின் நகலை எடுத்து வாசித்தேன். "ஆய்வு முடிந்தபின் முழு விவரமும் தெரிவிக்கப்படும்" என்று அதில் இருக்கிறது. அன்றைக்கும் நான் அதை வாசித்துத்தான் கையெழுத்திட்டேன். எத்தனை பேர் கலந்துகொண்டார்கள், என்ன முடிவு வந்தது என்றெல்லாம் தெரிவிப்பீர்கள் என்று எடுத்துக்கொண்டேன். எழுத்தில் பிழை இல்லை. வாசித்தவன் நான்.

பக்கத்து வீட்டு வேதமணியும் உங்கள் ஆய்வில் இருந்தவர். அவருக்கு நீங்கள் கொடுத்த கற்பனை, ஆட்டுக்கடா முட்டிக் குளத்தில் விழுந்ததாம். அவர் முதல் நாளே இல்லை என்று சொல்லிவிட்டார். என் கதையைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பை இங்கே எழுத முடியாது. "ஓய் பிள்ளே, நீரு ரிஜிஸ்திரார் ஆபீசுல இருந்து கெட்டுப்போனீரு. ஒருத்தன் தாளுல அடிச்சுக் குடுத்தா அது நடந்ததாக்கும் உமக்கு. எங்கிட்ட கடா முட்டிச்சுன்னு எழுதிக் காட்டினா நான் மொதல்ல எங்க முட்டிச்சுன்னு தடவிப் பாப்பேன்" என்றார். அவர் சொன்னதில் உண்மை உண்டு. என் மேசைக்கு வந்த பத்திரங்களில் எழுதியிருப்பது உண்மைதானா என்று பார்ப்பது என் வேலை அல்ல. எழுதியதற்குக் கையெழுத்து இருக்கிறதா, சாட்சி இருக்கிறதா என்று பார்ப்பது மட்டுமே வேலை. அக்கா சொன்னார் என்று தாளில் இருந்தது. எனக்கு அது போதுமானதாக இருந்துவிட்டது.

இந்த நான்கு நாளும் ஒரு காரியம் செய்தேன். என் நினைவில் உறுதியாக இருக்கும் முப்பது விஷயங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் வெளியே ஏதாவது அத்தாட்சி இருக்கிறதா என்று டைரிகளிலும் பழைய கடிதங்களிலும் தேடினேன். பதினொன்றுக்குக் கிடைத்தது. இரண்டு தவறு என்று தெரிந்தது. மறைந்த என் மனைவியை முதலில் பார்த்தது நெய்யாற்றின்கரை கோயில் நடையில் என்று இத்தனை காலமும் நினைத்திருந்தேன். அது அவள் தங்கையின் வீட்டில் என்று மாமனாரின் கடிதத்தில் இருக்கிறது. மற்ற பதினேழுக்கும் என்னைத் தவிர வேறு சாட்சி இல்லை. உங்கள்மேல் கோபம் வர வேண்டும் என்று எனக்குத் தெரிகிறது. வருவதற்குள் இதுபோல ஏதாவது ஒன்றில் போய் மாட்டிக்கொள்கிறேன்.

ஆனால் டிசம்பர் நான்கு நெருங்குகிறது. அண்ணன் தேடி வந்தார் என்று நம்பித்தான் அவர் வீட்டுப் படி ஏறினேன். அவர் தேடி வரவில்லை. காத்திருக்காதது மட்டும்தான் நடந்தது. இதை அவரிடம் சொல்லாமல் அவர் பக்கத்தில் நின்று அம்மாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க என்னால் முடியாது. சொன்னால் அவர் இலையை விட்டு எழுந்து போய்விடுவார் என்றும் பயமாக இருக்கிறது. அவர் அப்படிப்பட்டவர்.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். தேடி வந்தவர் என்று அண்ணனின் பெயரை எழுதியது யார்? அப்பா என்று எழுதியிருக்கலாம், அக்கா என்று எழுதியிருக்கலாம். என் வாழ்க்கையில் எழுதக் கூடாத ஒரே பெயரை யாரோ எழுதியிருக்கிறார்கள்.

சொக்கநாதன் பிள்ளை


திருவனந்தபுரம்
18-11-1996

மதிப்பிற்குரிய சார்,

எழுதியது நான். சொன்னது உங்கள் அக்கா.

காணாமல் போகும் கதைக்கான எங்கள் படிவத்தில் "கண்டுபிடித்தவர்" என்ற இடம் காலியாக இருக்கும். அந்தக் குடும்பத்துக்குப் பொருந்தும் ஒரு பெயரை உறவினரிடம் கேட்டு நிரப்புவோம். ஜூலையில் காட்டாக்கடைக்குப் போனபோது உங்கள் அக்காவிடம் கேட்டேன். "மூத்தவன் பேர எழுது மக்கா" என்றார். எழுதத் தொடங்கினேன். "இவங்க ரெண்டும் மிண்டுகதில்ல, கேட்டியா. இருவத்தொண்ணு வருசம்" என்றார். நான் பேனாவை நிறுத்தினேன். "அப்படீன்னா வேற பேர் போடலாமா பாட்டி?" என்றேன். "அதுக்காக்கும் அந்தப் பேரச் சொன்னது. எழுது" என்றார்.

ஆக, எனக்குத் தெரியும். அந்த இடத்தில் ஒரு காயம் இருக்கிறது என்று தெரிந்தே எழுதினேன். மனதைத் தொடும் விவரம் இருந்தால் நினைவு எளிதாக உருவாகும் என்று நான் படித்திருந்தேன். அதைப் பார்க்க ஒரு நல்ல வாய்ப்பு தானாக வந்தது என்று எண்ணினேன். சந்தோஷப்பட்டேன் என்றுகூடச் சொல்ல வேண்டும். அப்போது நீங்கள் எனக்கு ஒரு எண் மட்டும்.

என் பேராசிரியரிடம் சொன்னேன். விவரம் தெரிவித்தாகிவிட்டது, விதிப்படி அத்துடன் முடிந்தது என்றார். விதிப்படி சரிதான். ஆனால் உங்களைப் பற்றிய பக்கங்களை எடுத்துவிடச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. அதைச் சம்மதப் படிவத்தில் சிறிய எழுத்தில் போட்டிருக்கிறோம். நீங்கள் வாசித்திருப்பீர்கள். இருந்தாலும் சொல்கிறேன்.

உங்கள் அண்ணனிடம் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால், நான் வந்து சொல்கிறேன். தவறு என்னுடையது. அவர் எழுந்து போவதானால் என்னிடமிருந்து எழுந்து போகட்டும்.

சங்கரி


பாறசாலை
27-11-1996

அன்புள்ள சங்கரி அவர்களுக்கு,

திங்கட்கிழமை காட்டாக்கடைக்குப் போனேன். அக்கா பின்கட்டில் பலாக்கொட்டை தோல் உரித்துக்கொண்டிருந்தாள். உங்கள் கடிதத்தை அவள் முன்னால் வைத்தேன். "கண்ணாடி இல்ல, நீயே வாசி" என்றாள். வாசித்தேன். கொட்டை உரிப்பதை நிறுத்தவே இல்லை.

"அந்தக் குட்டி உள்ளத உள்ளது மாதிரியே எழுதியிருக்கா" என்றாள்.

"அக்கா, நீ செய்தது சரியா? நடக்காத காரியத்த..."

"எலே சொக்கா, நடந்த காரியத்த வச்சு நீங்க ரெண்டு பேரும் இருவத்தொண்ணு வருசம் என்ன செய்தீங்க? சொல்லு பாப்பம். என் மவன் ஸ்ரீகுமாருக்கக் கல்யாணத்துக்கு நீ காலைல வந்த, அவன் உச்சைக்கு வந்தான். ரெண்டு பந்தி வச்சேன் நான். ஒரு பொண்ணு வந்து, பாட்டி, நடக்காத ஒண்ணு சொல்லுங்கன்னு கேட்டா. எனக்கு இது ஒண்ணுதான் சொல்லத் தோணிச்சு."

"அண்ணன் காத்திருக்கல்லேங்கது நடந்தது அக்கா. அத ஒண்ணும் பொய்யாக்க முடியாது."

அப்போதுதான் அவள் கை நின்றது. கத்தியைக் கீழே வைத்தாள்.

"தீ வைக்கச் சொன்னது நானாக்கும்" என்றாள்.

அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "வடக்க மழ கருத்துட்டு. வெறகு நனஞ்சா அம்ம பாதில கிடப்பா. அண்ணன் ரோட்டப் பாத்து நின்னான். இன்னும் ஒரு பஸ் பாப்போம்னான். நான்தான், அவன் ராத்திரி ஆனாலும் வரமாட்டான், வையின்னு கத்தினேன். மழையும் பெய்யல்ல, கேட்டியா. ரெண்டு தூத்தலோட போச்சு. நீ வந்து நின்னப்ப எனக்கு நாக்கு பொங்கல்ல. அண்ணனும் சொல்லல்ல. நீயும் கேக்கல்ல. ஒரு வார்த்த, ஏன்னு ஒரு வார்த்த நீ கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்."

நான் கேட்காதது உண்மை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயந்திருக்கலாம். இப்போது அதையும் உறுதியாகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

பேருந்தில் ஒரு விஷயம் யோசித்தேன். அக்கா சொன்னதையும் எப்படி நம்புவது? எங்களைச் சேர்த்து வைக்க இதையும் அவள் உண்டாக்கியிருக்கலாம். ஒருமுறை செய்தவள். இதற்கு இருக்கும் ஒரே சாட்சி அண்ணன்தான். ஆகவே அண்ணனிடம் இரண்டையும் சொல்லப் போகிறேன். மூன்றாம் தேதியே போய்ச் சொல்வேன், திதிக்கு முன்னால்.

நீங்கள் வர வேண்டாம். நல்ல மனதுடன் கேட்டீர்கள். ஆனால் நீங்கள் அங்கே இருந்தால், அண்ணன் பேசும்போது உங்கள் கண் அவர் முகத்தில் இருக்கும். அவர் யாருக்கும் கையெழுத்திட்டுக் கொடுக்கவில்லை.

சொக்கநாதன் பிள்ளை


திருவனந்தபுரம்
30-11-1996

சார்,

நான் வரவில்லை. நீங்கள் எழுதியது சரி. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

என்ன நடந்தது என்று எழுதும்படி கேட்கவும் மாட்டேன்.

சங்கரி


பாறசாலை
9-12-1996

அன்புள்ள சங்கரி அவர்களுக்கு,

கேட்க மாட்டேன் என்று எழுதினீர்கள். அதனால்தான் எழுத முடிகிறது.

மூன்றாம் தேதி பிற்பகல் பூவார் போய்ச் சேர்ந்தேன். அண்ணன் மறுநாளைக்கான வாழையிலையை நறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தார். உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும். நின்றபடியே, சந்தை விஷயம் நடக்கவில்லை, ஒரு ஆய்வுக்காக உண்டாக்கியது, அக்காவுக்கும் தெரியும் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பயத்தில் வேகமாகச் சொன்னேன். அவர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப நான் தேடல்ல?"

"தேடல்ல."

"நீ காணாமலும் போகல்ல?"

"இல்ல அண்ணே."

"பின்ன அந்தத் துண்டு?"

அவர் முகம் இருண்டது. எழுந்து கிணற்றடி வரை போனார். போய்விட்டார் என்றே நினைத்தேன். கையைக் கழுவிவிட்டுத் திரும்பி வந்தார்.

"நான் கள்ளம் சொன்னேன்னு நெனைக்கியா?" என்றார். "நீ மொதல்ல கேட்டப்ப எனக்கு ஒண்ணும் ஓர்ம வரல்ல. உள்ளதச் சொல்லுகேன். உன் மொகத்தப் பாத்தேன். இல்லைன்னு சொன்னா நீ எந்திரிச்சுப் போயிருவேன்னு தோணிச்சு. உண்டுன்னேன். சொன்ன பெறகு வந்தது. மூக்கும், துண்டும், அம்ம ஏசினதும், எல்லாம் வந்தது. இப்ப நீ இல்லேங்கிய. அது போகமாட்டேங்குதே."

"எனக்கும் போகல்ல" என்றேன்.

பிறகு அக்கா சொன்னதைச் சொன்னேன். அவர் வாசலைப் பார்த்தபடி இருந்தார். "அவளுக்கு வாய் நிக்காது" என்றார். அப்புறம், "தீ வைக்க அவ சொன்னா. அது நேரு, கள்ளமில்ல. வச்ச கை எனக்கதாக்கும். ஒரு மணிக்கூர் நின்னிருக்கலாம். நிக்கல்ல" என்றார்.

இருபத்தொரு வருடம் நான் காத்திருந்தது இந்த வார்த்தைக்குத்தான் என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. குமாரி வந்து சோறு விளம்பட்டுமா என்று கேட்டாள். சரி என்றோம்.

மறுநாள் பொழிமுகத்தில் இருவரும் சேர்ந்து திதி கொடுத்தோம். அக்காவும் வந்திருந்தாள். எங்கள் இருவர் பக்கமும் பார்க்காமல் கடலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அண்ணன்தான் அவள் கையைப் பிடித்து மேட்டில் ஏற்றிவிட்டார்.

இனி உங்கள் காரியம். என் பக்கங்களை நீங்கள் வைத்துக்கொள்ளலாம். ஏமாந்தவர்களின் கணக்கில் நானும் ஒருவன், அது நடந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அக்டோபர் 24-ஆம் தேதி நான் எழுதிய கடிதத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். அதில் இருப்பவை அண்ணனின் சொற்கள். எந்த ஆய்வில் இருக்கிறோம் என்று தெரியாமலே அவர் உங்கள் ஆய்வுக்குள் வந்துவிட்டார். அவரைக் கொண்டுவந்தது நான். கேட்டது நீங்கள். அதை நகல் எடுத்திருந்தால் அதையும் அனுப்புங்கள். பேராசிரியர் என்ன சொன்னாலும் இதில் நான் மாறப் போவதில்லை. இப்படி ஒரு வாக்கியத்தை நான் யாருக்கும் எழுதியதில்லை. எழுதிவிட்டு இரண்டு நாள் வைத்திருந்தேன். மாற்றத் தோன்றவில்லை.

அடுத்து வருபவர்களிடம் அந்தக் காலியிடத்தை நிரப்பும்போது, அந்தப் பெயருக்குரியவர் உயிருடன் இருக்கிறாரா என்றாவது கேளுங்கள்.

இந்தக் கடிதத்தில் அண்ணன் சொன்னவற்றை அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதியிருக்கிறேன். "அந்தப் பிள்ளைக்குத் தெரியணும், எழுது. புஸ்தகத்துல போட்டா வந்து பாத்துக்கிடுவேன்னும் எழுது" என்றார்.

கடைசியாக ஒன்று. இதற்கு ஆய்வில் இடம் வேண்டாம். நேற்று முன்தினம் காலையில் அண்ணன் பூவாரிலிருந்து பேருந்து ஏறி என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "வாலே, நீ காணாம போகாத எடத்த ஒருமட்டம் பாத்துட்டு வருவோம்" என்றார். எனக்கும் அதே எண்ணம் இரண்டு நாளாக இருந்தது. கேட்கத்தான் கூச்சம்.

பனச்சமூட்டில் இறங்கினோம். சந்தை கூடியிருந்தது. நான் மரச்சீனிக் கிழங்கு குவித்திருந்த மூலையைக் காட்டி, இங்கேதான் நின்றேன் என்றேன். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. கருவாட்டுக் கடைகளுக்குப் பின்னால் இருக்கும் சுவரைக் காட்டினார். நான் மரச்சீனி என்றேன். அவர் சுவர் என்றார். அங்கே கருவாடு வாங்க வந்தவர்கள் நின்று பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது, இருந்தாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. மரச்சீனிதான் என்று மறுபடியும் சொன்னேன்.

அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "எலே, தூக்கிட்டு வந்தவன் நானாக்கும்" என்றார். "எனக்குத் தெரியாதா?"

அன்புடன்,
சொக்கநாதன் பிள்ளை